பிஸ்டன் வந்த பிறகுதான் போர்

சென்னை ஜி.பி. ரோட்டில் மாருதி 800க்குப் பிஸ்டன் செட் கேட்டால் கடைக்காரர் முதலில் விசாரிப்பது சைஸை. ஸ்டாண்டர்டா, 25 ஓவர்சைஸா, 50ஆ? பிராண்ட் பேச்சு அப்புறம்தான் வரும். அந்த வண்டியின் எஞ்சின் மூன்று சிலிண்டர், 796 சிசி, போர் விட்டம் 68.5 மில்லிமீட்டர். தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்குவதுதான் ரீபோர்; முதல் ரீபோரில் கால் மில்லிமீட்டர் கூட்டுவார்கள், அடுத்ததில் அரை.

சைஸைச் சொன்னதும் கவுன்டரில் இரண்டு பெட்டிகள் வந்தன. ஒன்றில் கார் கம்பெனி முத்திரை. இன்னொன்றில் பிஸ்டன் செய்த தொழிற்சாலையின் சொந்தப் பெயர், விலையும் குறைவு. வாடிக்கையாளர் வாயில் முன்னது 'ஒரிஜினல்', மற்றதெல்லாம் 'லோக்கல்'. இப்படி ஒரே கூடையில் போடுவது பெரிய அநியாயம். கார் கம்பெனிகள் பிஸ்டன், வால்வு, பேரிங்கில் பெரும்பகுதியை வெளியில்தான் வாங்குகின்றன. சென்னை செம்பியத்தின் இந்தியா பிஸ்டன்ஸ், வால்வு செய்யும் ரானே, கோயம்புத்தூரில் ஆலை வைத்திருக்கும் பைமெட்டல் பேரிங்ஸ் எல்லாம் வண்டி செய்பவர்களுக்கும் கொடுக்கின்றன, தங்கள் பெயரில் கடைக்கும் அனுப்புகின்றன. ஒரே தொழிற்சாலை என்பதற்காக இரண்டு பெட்டியிலும் ஒரே சரக்கு என்று சொல்லிவிட முடியாது. கார் கம்பெனி தனக்கென்று தனி அளவு, தனி கிரேடு கேட்டிருக்கலாம். ஆனால் தொழிற்சாலையின் சொந்தப் பெட்டியை 'லோக்கல்' என்று ஒதுக்குவதற்கு நியாயமே இல்லை. பயப்பட வேண்டியது மூன்றாவது பெட்டிக்கு: நல்ல பெயரைத் திருடி அச்சடித்த டூப்ளிகேட். 1999ஆம் ஆண்டு வணிகச் சின்னச் சட்டத்தில் அதற்கு ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை உண்டு.

2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் போட்டது. பாகம் செய்து தருபவர்களை அதை வெளிச்சந்தையில் விற்கவிடாமல் தடுத்ததும், வெளி மெக்கானிக்குகளுக்குப் பாகமும் பழுதுபார்ப்புத் தகவலும் கிடைக்கவிடாமல் செய்ததும்தான் காரணம். வழக்கு மேல்முறையீட்டுக்குப் போனது. ஆனால் அந்த இரண்டாவது பெட்டி கவுன்டருக்கு வருவதற்கே ஒரு சண்டை தேவைப்பட்டது என்பதை மறக்கக் கூடாது.

பெட்டியை வாங்கிக்கொண்டு புதுப்பேட்டைப் பக்கம் ஒரு சந்தில் இருக்கும் லேத் பட்டறைக்குப் போனோம். அங்கே மாஸ்டர் சொன்ன முதல் வார்த்தை: "பிஸ்டன் கைக்கு வராம போர் அடிக்க மாட்டேன் சார். அடிச்சப்புறம் வேற பெட்டி வாங்கினு வந்தா நான் இன்னா பண்றது?"

ஏன் என்பதை அடுத்த ஒரு மணி நேரத்தில் பார்த்தேன். டயல் கேஜை சிலிண்டருக்குள் இறக்கி மேலே, நடுவே, கீழே அளந்தார். பிறகு குறுக்குவாட்டில் திருப்பி மறுபடி அதே மூன்று இடம். சிலிண்டர் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி தேய்வதில்லை. பிஸ்டன் சாய்ந்து அழுத்தும் பக்கம் கூடுதலாகத் தேயும். ரிங் திரும்பும் மேல்பகுதியில் இன்னும் அதிகம். அதற்குப் பிறகு மைக்ரோமீட்டரை எடுத்து மூன்று பிஸ்டனையும் தனித்தனியாகப் பார்த்தார். ஒரே பெட்டியில் வந்தவைதான், ஆனாலும் மைக்ரான் கணக்கில் வித்தியாசம் இருந்தது. தலையில் 1, 2, 3 என்று மார்க்கரால் எழுதினார். ஒவ்வொரு சிலிண்டரும் அதற்கென்று குறித்த பிஸ்டனுக்காகவே போர் ஆகும். இடையில் விடும் இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு. போரிங்கில் கொஞ்சம் மிச்சம் வைத்து அதை ஹோனிங் கல்லால் எடுத்தார். கல் விட்டுப்போகும் குறுக்குக் கோடுகளில்தான் ஆயில் நிற்கும். கூட இருந்த பையன் பிளாக்கைச் சோப்புத் தண்ணீரால் தேய்த்துக் கழுவினான், சிலிண்டரைத் துடைக்கும் வெள்ளைத் துணி கறுக்காமல் வெளியே வரும் வரை.

கடைசியில் ரிங். ஒரு ரிங்கைச் சிலிண்டருக்குள் வைத்து, பிஸ்டன் தலையாலேயே சமமாகத் தள்ளி, இரு முனைகளுக்கு நடுவே ஃபீலர் கேஜை நுழைத்தார். இடைவெளி குறைந்தால் சூட்டில் முனைகள் முட்டி ரிங் உடையும், சுவரும் கீறிப்போகும். அதை அரம் போட்டுச் சரிசெய்யலாம். கூடினால் வழியில்லை, செட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான். "எந்தப் பெட்டியா இருந்தா இன்னா, கேஜ் சொல்றதுதான் கணக்கு" என்றார். இங்கே கார் கம்பெனி செட்டும் திரும்பிப் போயிருக்கிறதாம்.

என்னைக் கேட்டால், டைமிங் பெல்ட்டில் விலை பார்க்கவே கூடாது. பல எஞ்சின்களில் அது அறுந்தால் பிஸ்டன் போய் வால்வில் இடிக்கும், மொத்த வேலையும் பாழ். ஹெட் கேஸ்கட், ஆயில் பம்ப் இரண்டையும் கம்பெனிப் பெட்டியிலேயே வாங்குவேன். பிஸ்டன், ரிங், பேரிங் செட்டுக்குப் பாகம் செய்தவரின் சொந்தப் பெட்டி தாராளமாகப் போதும், அளக்கத் தெரிந்த கை கிடைத்தால். மிச்சமாகும் பணம் அந்தக் கைக்குப் போக வேண்டும். நடப்பது நேர்மாறு. எம்ஆர்பியைப் பார்த்துப் பேசாமல் பணம் எண்ணிக்கொடுக்கும் ஆள், ரீபோர் கூலிக்கு நூறு ரூபாய் குறைக்கச் சொல்லி நிற்கிறார்.

வேலை முடிந்ததும் மாஸ்டர் ஒரு சீட்டில் ஓவர்சைஸ், பிராண்ட், மூன்று சிலிண்டரின் அளவு எல்லாவற்றையும் எழுதி, ஸ்பேர்ஸ் பில்லோடு சேர்த்துப் பத்திரமாக வைக்கச் சொன்னார். அடுத்து எஞ்சினைப் பிரிப்பவருக்கு அது வேண்டும். ஏற்கெனவே 50 போயிருந்தால் பெரும்பாலும் அதற்கு மேல் பிஸ்டன் கிடைக்காது. ஸ்லீவ் அடித்து மறுபடி ஸ்டாண்டர்டுக்குத்தான் வர வேண்டும்.