ஒட்டகத்தைக் கட்டும் கல்வி



பிள்ளைகளின் மேற்படிப்பைப் பற்றி ஆலோசனை கேட்கப் பெற்றோர் பலர் மத்ரஸாவுக்கு வருவதுண்டு. "பல்கலைக்கழகத்தில் காப்பீடும் இடர் மேலாண்மையும் படிக்க மகன் விரும்புகிறான். சேர்க்கலாமா, ஹஸ்ரத்?" என்று அண்மையில் ஒரு தகப்பனார் கேட்டார். இரண்டு நாள் அவகாசம் தருமாறு அவரிடம் கேட்டுக்கொண்டேன். ஏனெனில், இதே பொருளில் அவகாசம் கேளாமல் பதில் சொல்லி நான் இழைத்த தவறு ஒன்று உண்டு. அதை மறைக்காமல் எழுதினால் பிறருக்குப் பயன்படும் என்று கருதுகிறேன்.

பட்டுக்கோட்டைக்கு அருகே என் காக்காவுக்கு ஒரு தென்னந்தோப்பு இருந்தது. ஏறத்தாழ இருநூறு மரங்கள். எங்கள் வாப்பா தம் கையால் வைத்தவை. 2016-ஆம் ஆண்டில் ஒருநாள், அஸர் தொழுகைக்குப் பின் காக்கா ஒரு விண்ணப்பத் தாளை என்னிடம் நீட்டினார். தென்னை வளர்ச்சி வாரியத்தின் மரக் காப்பீட்டுத் திட்டம் அது. 16 வயதான மரம் ஒன்றுக்கு ஆண்டுக் கட்டணம் 14 ரூபாய். அதில் பாதியை வாரியமும் கால் பங்கை மாநில அரசும் ஏற்கும். உழவர் செலுத்த வேண்டியது மூன்றரை ரூபாய். மரம் அழிந்தால் 1,750 ரூபாய் கிடைக்கும். "இது ஆகுமா, தம்பி?" என்று கேட்டார்.

தாளை நான் முழுமையாகப் படிக்கவில்லை. "காப்பீடு என்றாலே வட்டியும் சூதும்தான். அல்லாஹ்வின் மீது தவக்குல் வையுங்கள், காக்கா" என்று சொல்லி அனுப்பினேன். அவர் மறுபேச்சின்றித் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்தது. விடிந்தபின் தோப்புக்குப் போனோம். நின்றிருந்தவை இருபத்து மூன்று மரங்கள். மற்றவை வேரோடு சாய்ந்தும் இடுப்பளவில் முறிந்தும் கிடந்தன. காக்கா ஒன்றும் பேசாமல் வாப்பா வெட்டிய கிணற்றின் கரையில் உட்கார்ந்திருந்தார். பதினொன்றாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த அவர் மகள், விழுந்த மரங்களை ஒவ்வொன்றாக எண்ணித் தன் நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டிருந்தாள்.

ஐந்தாண்டுகளுக்குப் பின், வணிகவியலில் பட்டம் பெற்ற அந்தப் பிள்ளை, பல்கலைக்கழகத்தில் முதுகலையாக இடர் மேலாண்மையும் காப்பீடும் படிக்க விரும்புவதாகச் சொன்னாள். "சாச்சா சம்மதித்தால் போகலாம்" என்றார் காக்கா. என் முன்னே வந்து நின்ற அவளிடம் இம்முறை நான் உடனே பதில் சொல்லவில்லை. "எனக்குத் தெரியாது, மா. படித்துவிட்டுச் சொல்கிறேன்" என்றேன்.

பிறகு கிதாபுகளைத் திறந்தேன். காப்பீட்டை மார்க்க அறிஞர்கள் தடுப்பதற்கு மூன்று காரணங்கள் உண்டு. செலுத்துவதற்கு ஈடாகக் கிடைப்பது என்ன, எப்போது என்ற தெளிவின்மை முதலாவது. இதையே 'கரர்' என்பர். சூதின் சாயல் இரண்டாவது. திரட்டிய பணம் வட்டியில் முதலீடாவது மூன்றாவது. நான் சொன்னது முழுப் பொய்யன்று. ஆனால் முழு விசாரணையுமன்று.

19-ஆம் நூற்றாண்டில் டமாஸ்கஸில் வாழ்ந்த ஹனஃபி பேரறிஞர் இப்னு ஆபிதீன் (ரஹ்) அவர்கள், வணிகரின் கடல் காப்பீட்டைப் பற்றி எழுதியிருக்கிறார். கப்பலை யார் வாடகைக்குப் பிடிக்கிறார், பணத்தை யார் வாங்குகிறார், அவருடைய முகவர் எந்தத் துறைமுகத்தில் இருக்கிறார் என்று நடைமுறையை முதலில் விளக்குகிறார். அதன் பிறகே, அத்தகைய ஒப்பந்தத்தின் வழியே இழப்பீடு பெறுவது ஆகாது என்ற தம் முடிவைச் சொல்கிறார். நானோ ஒற்றைத் தாளைக்கூடப் படிக்காமல் தீர்ப்புச் சொன்னவன். வெட்கமாக இருந்தது.

1985-இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, நிலையான கட்டணத்தில் அமைந்த வணிகக் காப்பீட்டை ஆகாது என்றது. அத்தோடு நின்றுவிடவில்லை. நன்கொடையையும் கூட்டுறவையும் அடிப்படையாகக் கொண்ட காப்பீடு ஆகும் என்று மாற்று வழியையும் காட்டியது. முஸ்தஃபா அஸ்ஸர்கா (ரஹ்) போன்ற அறிஞர் சிலர் காப்பீட்டு ஒப்பந்தத்தையே ஆகுமென்று கருதியதும் உண்டு. தகாஃபுல் எனப்படும் கூட்டுறவுக் காப்பீடு 1979-இல் சூடானில் நிறுவனமாகத் தொடங்கியது. 1984-இல் மலேசியா அதற்கெனத் தனிச் சட்டமே இயற்றியது. இதன் வேர் நமக்குப் புதிதன்று. பயணத்தில் உணவு குறைந்தால், இருப்பதையெல்லாம் ஒரே துணியில் கொட்டிச் சமமாகப் பங்கிட்டுக்கொண்ட அஷ்அரீ குலத்தாரை நபி (ஸல்) அவர்கள் பாராட்டியதை நாம் மக்தபிலேயே கற்பிக்கிறோம்.

ஆகவே அவளுக்கு இவ்வாறு சொன்னேன்: "படி. படிப்பது வேறு, தொழில் செய்வது வேறு. எந்த வேலையை ஏற்பதானாலும் அந்த வேலையின் தன்மையைக் கேட்டறிந்து ஏற்றுக்கொள்."

விடுமுறைகளில் வரும்போதெல்லாம் அவள் தன் பாடங்களைச் சொல்வாள். நான் மாணவனாகக் கேட்பேன். ஆயிரம் வீடுகளில் எந்த வீடு தீப்பற்றும் என்பதை அல்லாஹ்வே அறிவான். ஆனால் ஆண்டுக்கு ஏறத்தாழ எத்தனை என்பதைப் பல்லாண்டுக் கணக்கிலிருந்து மதிப்பிடலாம். ஆண்டுக்கு ஒரு வீடு எரிந்து ஐந்து இலட்ச ரூபாய் இழப்பாகுமானால், வீட்டுக்கு ஐந்நூறு ரூபாய் சேர்த்து வைத்தால் போதும். ஒரு குடும்பம் தெருவுக்கு வராது. இடரைத் தவிர்ப்பது, குறைப்பது, பிறரோடு பகிர்வது, தாங்கிக்கொள்வது என நான்கு வழிகள் உண்டு என்றாள். எனக்கு யூஸுஃப் (அலை) அவர்கள் நினைவுக்கு வந்தார்கள். ஏழாண்டு விளைச்சலைக் கதிரோடு சேமித்து ஏழாண்டுப் பஞ்சத்தைக் கடக்க வழி சொன்ன நபியல்லவா அவர்கள்!

மற்றொரு நாள், "தனக்குத் தொடர்பில்லாத பொருளுக்கு ஒருவர் காப்பீடு எடுக்க முடியாது, சாச்சா" என்றாள். இங்கிலாந்தில் ஒரு காலத்தில் முன்பின் அறியாதவரின் உயிர்மீது காப்பீடு எடுத்து, அவருடைய சாவுக்காகக் காத்திருந்தார்களாம். 1774-இல் அதைத் தடுக்க வந்த சட்டத்துக்குச் சூதாட்டச் சட்டம் என்றே பெயர் வழங்கியதாம். நட்டத்தை ஈடு செய்யலாமே தவிர, நட்டத்தால் இலாபம் அடையக் கூடாது என்பது அவர்களுடைய பாடத்திலும் அடிப்படை விதி. சூதைப் பற்றிய நம் அச்சத்தின் ஒரு பகுதியை அவர்களும் உணர்ந்திருக்கிறார்கள்.

ஆனால் என்னை உலுக்கியது வேறொன்று. சென்ற ரமளானுக்கு முன் மத்ரஸாவுக்கு வந்தவள், நோட்டுப் புத்தகத்தோடு கட்டடத்தைச் சுற்றிப் பார்த்தாள். மாடியில் ஹிஃப்ளு வகுப்பு. பின்பக்கப் படிக்கட்டின் கம்பிக் கதவில் பூட்டுத் தொங்கியது. பிள்ளைகள் வெளியே ஓடிவிடக் கூடாதென்று நானே போட்ட பூட்டு.

"சாவி யாரிடம் இருக்கிறது, சாச்சா?"

"என் பையில்தான்."

"நீங்கள் பள்ளிவாசலில் இருக்கும்போது இங்கே தீப்பிடித்தால்?"

எனக்குப் பேச்சு வரவில்லை. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்துப் பள்ளித் தீவிபத்தில் 94 குழந்தைகள் மாண்டது எங்கள் மாவட்டத்தில்தான். அந்தச் செய்தியைக் கேட்டு அழுதவன் நான். இருந்தும் இத்தனை ஆண்டுகள் இந்தச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டே தொழப் போயிருக்கிறேன். அன்று மாலையே பூட்டை அகற்றிவிட்டு, உள்ளிருந்து எளிதில் திறக்கும்படி ஒரு தாழ்ப்பாள் போட்டோம். பழைய மின்கம்பிகளையும் மாற்றினோம். இதில் வட்டியும் இல்லை, சூதும் இல்லை. அவள் படித்ததில் பெரும்பகுதி இத்தகையதே என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

கொள்ளைநோய் பரவிய ஷாம் நாட்டுக்குள் நுழையாமல் திரும்பிய உமர் (ரலி) அவர்களிடம், அல்லாஹ்வின் விதியிலிருந்து ஓடுகிறீர்களா என்று அபூ உபைதா (ரலி) அவர்கள் வினவினார்கள். அவனுடைய ஒரு விதியிலிருந்து மற்றொரு விதியை நோக்கியே செல்வதாக உமர் (ரலி) அவர்கள் விளக்கினார்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்குமாறு நபி (ஸல்) அவர்கள் கற்பித்ததை எத்தனையோ ஜும்ஆ பயான்களில் நான் எடுத்துச் சொல்லியிருக்கிறேன். கயிற்றை நீட்டிய காக்காவிடம் மட்டும் அதை நான் சொல்லவில்லை.

அந்தத் திட்டம் ஆகுமா ஆகாதா என்று இங்கே தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. அதைத் தகுதி வாய்ந்த முஃப்திகளிடம் கேளுங்கள். பூட்டை அகற்றிய அன்று இரவு காக்காவிடம் சென்று மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வேறு ஆலிமிடம் கேட்டிருப்பேன், தம்பி. நீ சொன்னதால்தான் நான் யாரிடமும் கேட்கவில்லை" என்றார். கேட்கப்பட்ட கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்குத் தெரியாது என்று சொன்ன இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் வரலாற்றை ஆண்டுதோறும் பாடம் நடத்துகிறவன் நான்.

இரண்டு நாளில் அந்தத் தகப்பனாரிடம் நான் சொன்னது இதுதான்: சேருங்கள். வட்டி எது, கரர் எது என்பதையும் உடன் கற்பியுங்கள். மருத்துவமனை, துறைமுகம், தொழிற்சாலை, கட்டடப் பணி என எல்லா இடங்களிலும் ஆபத்தை முன்கூட்டியே கண்டு குறைப்பவர் தேவைப்படுகிறார்கள். நம் நாட்டில் தகாஃபுலுக்கெனத் தனிச் சட்டம் இல்லை. நாம் ஒதுங்கி நின்றால் நாளை அதை வடிவமைக்க யார் இருப்பார்கள்? நம் ஜமாஅத்தின் பைத்துல்மாலைக் கணக்கறிந்து நடத்தவும் இந்தக் கல்வி உதவும்.

காக்கா தோப்பில் மீண்டும் கன்றுகள் வைத்திருக்கிறார். பயனுள்ள கல்வியை நம் பிள்ளைகளுக்கும், தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் துணிவை என்னைப் போன்ற ஆசிரியர்களுக்கும் அல்லாஹ் தந்தருள்வானாக. ஆமீன்.