நல்ல துரு
(மூன்றாம் ஆண்டு, வேதியியல்)

உராய்வு இல்லையேல் நம்மால் நடக்கவும் இயலாது. உராய்வு மிகுந்தாலோ எந்த இயந்திரமும் நெடுநாள் உழைக்காது. இந்த உண்மையை என் வீட்டிலேயே ஆண்டுதோறும் கண்டு வருகிறேன்.

ஏற்காட்டுக்கு அருகே சேர்வராயன் மலைச் சிற்றூர் எங்களுடையது. சிறு காப்பித் தோட்டமும் கையால் சுற்றும் பல்பர் ஒன்றுமே எங்கள் சொத்து. பறித்த பழத்தை அன்றைக்கே தோலுரித்தாக வேண்டும். தள்ளிப்போட்டால் பழம் புளித்துக் கொட்டையின் தரம் கெடும். பல்பர் நின்றால் எங்கள் வருமானமும் நின்றதென்றே பொருள். அறுவடை முடிந்து மாதக்கணக்கில் சும்மா கிடக்கும் அதன் இரும்புத் தண்டை மலையின் மூடுபனி செந்துருவால் போர்த்திவிடும். அதை உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்குவது அப்பாவின் வழக்கம். தேய்க்கத் தேய்க்கத் தண்டு மெலிந்துகொண்டே வருகிறது.

“அப்பா, துருவிலும் நல்ல துரு உண்டு” என்றேன் ஒரு விடுமுறையில்.

“பாம்பிலே நல்ல பாம்பு என்கிற மாதிரியா?” என்று சிரித்தார்.

அவர் சிரிப்பிலும் நியாயம் உண்டு. செந்துரு நுண்துளைகள் நிறைந்தது. இரும்பைப் பற்றி நிற்காமல் உதிரும். உதிர்ந்த தூள் தண்டுக்கும் பேரிங்குக்கும் இடையே புகுந்து அரம்போல் அராவும். ஆனால் இரும்பின் கறுப்பு ஆக்சைடான மாக்னடைட் வேறு குணமுடையது. காரமும் நைட்ரேட்டும் கலந்து ஏறத்தாழ 140 டிகிரி செல்சியசில் கொதிக்கும் கரைசலில் இரும்பை அமிழ்த்தினால் இந்த மென்படலம் உண்டாகி இறுகப் பற்றிக்கொள்ளும். எண்ணெயைத் தன்னிடம் பிடித்துவைக்கும். உலோகமும் உலோகமும் நேரே தொட்டு ஒன்றையொன்று கிழிப்பதைத் தடுக்கும்.

வழவழப்பில் இதனையும் விஞ்சுவது போரான் ஆக்சைடு. விடுதியில் கேரம் பலகையின்மீது நாம் தூவும் போரிக் பவுடரை யார்தாம் அறியார்? போரான் ஆக்சைடுப் பூச்சு காற்றின் ஈரத்தை ஏற்று, தானே போரிக் அமிலப் படலமாக மாறுவதை 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஆர்கான் தேசிய ஆய்வுக்கூடத்தில் அலி எர்டெமிர் எடுத்துக்காட்டினார். அதன் அடுக்குகள் சீட்டுக்கட்டைப்போல் ஒன்றன்மேல் ஒன்று நழுவும். உலர்ந்த எஃகுகள் தம்முள் உரசும்போது உராய்வுக் குணகம் ஏறத்தாழ 0.6, இப்படலத்திலோ 0.1க்கும் கீழே! எங்கள் மூடுபனிக்கென்றே பிறந்த பூச்சு என மனம் துள்ளியது. ஆயினும் போரிக் அமிலம் நீரில் கரையும். பல்பரிலோ நீர் ஊற்றியே பழத்தை உரிக்கிறோம். ஆகவே எங்களுக்குக் கறுப்பு ஆக்சைடும் எண்ணெயுமே பொருத்தம். அடுத்த பருவத்துக்கு முன் தண்டைச் சேலத்துப் பட்டறை ஒன்றுக்கு அனுப்ப அப்பா இசைந்திருக்கிறார்.

சேர்வராயன் மலையில் வெட்டிய பாக்சைட்டும் அலுமினியத்தின் ஆக்சைடுக் கனிமமே. மேட்டூர் மால்கோ ஆலை 1960களில் அதிலிருந்து உலோகம் எடுக்கத் தொடங்கியது. அவ்வுலோகமும் காற்றுப் பட்டதும் மெல்லிய ஆக்சைடு ஆடையை உடுத்தியே தன்னைக் காத்துக்கொள்கிறது. எனவே, நண்பர்களே, ஆக்சைடு என்றாலே அழிவு என்று தள்ளிவிட வேண்டாம். எந்த ஆக்சைடு, எந்த இடத்தில் என்று கேட்டறிந்தால் அதுவே நம் உழைப்புக்குக் காவலாகும்.