நான்காவது தெரு எது?

வியாசர்பாடிக்குப் புதிதாய் வருகிறவர் "நான்காவது தெரு எங்கே?" என்று கேட்டால், ஊர்க்காரர் முதலில் திருப்பிக் கேட்பது "எந்த நகர்ல?" என்பதுதான். பி.வி. காலனியின் நான்காவது தெரு வேறு. சர்மா நகரின் நான்காவது தெரு வேறு. பெயர் ஒன்றே, எல்லை மாறினால் பொருள் மாறிவிடும். நிரல்மொழிகளில் மாறியின் எல்லை என்று சொல்லப்படுவதும் இதுவே. புத்தகத்தில் இதைப் பலமுறை படித்திருந்தோம். உணர்ந்தது ஒரு சிறுமியின் முன் தலைகுனிந்து நின்ற நாளில்.

நண்பர்கள் மூவர் ஞாயிறுதோறும் அங்கே பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லி வந்தோம். ஆண்டிறுதியில் கைப்பணம் சேர்த்து, கணக்கில் 80-உம் அதற்கு மேலும் எடுத்தவர்களுக்கு 500 ரூபாய், 60 முதல் 79 வரை எடுத்தவர்களுக்கு 250 ரூபாய் என்று புத்தகப் பணம் கொடுப்போம். பட்டியலுக்காகப் பைத்தானில் ஒரு சிறு நிரல் எழுதினோம். 60-க்குக் கீழே எடுத்தால் என்ன செய்வது என்பதை எழுத மறந்தோம்.

நிபந்தனைக்குள் மதிப்புப் பெற்ற மாறி, பைத்தானில் அந்த நிபந்தனை முடிந்த பின்னும் உயிரோடிருக்கும். சுழற்சியின் அடுத்த சுற்றுக்கும் பழைய மதிப்பைச் சுமந்து வரும். 91 எடுத்தவளின் 500 ரூபாய், அவளுக்கு அடுத்திருந்த, 52 எடுத்த சிறுமியின் பெயருக்கு நேரே அச்சாகிவிட்டது. சி மொழியில், அடைப்புக்குறிக்குள் அறிவிக்கப்பட்ட மாறி அக்குறி மூடும் இடத்தில் முடிந்துபோகும். வெளியே அதைத் தேடினால் நிரல் ஓடவே மறுத்துவிடும். ஜாவாஸ்கிரிப்ட்டின் பழைய 'வார்' செயல்கூறு முழுவதும் அலையும்; அதைக் கட்டுக்குள் நிறுத்த 2015-இல் 'லெட்' வந்தது.

பட்டியலை வாசித்துப் பணமும் கொடுத்துவிட்டோம். எல்லோரும் போன பின் அவள் திரும்பி வந்தாள். "அண்ணா, எனக்கு 52 தானே?" என்றாள். வைத்துக்கொள் என்று சொன்னோம். உறையை மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

தவறு எங்களுடையது என்பதை அவளுக்கு விளக்கியாக வேண்டும். ஆங்கில நிரலைக் காட்டி என்ன பயன்? முத்து அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' நினைவுக்கு வந்தது. தமிழிலேயே நிரல் எழுதுவதற்கான மொழி அது. அதைப் பற்றிய கட்டுரை 2009-இல் வெளியானது. ஆங்கிலத்தில் 'இஃப்' என்று நிபந்தனைச் சொல் முன்னே வந்து நிற்கும். எழிலிலோ @( மதிப்பெண் >= 80 ) ஆனால் என்று பின்னே வரும். தமிழின் இயல்பும் அதுதான். தொல்காப்பியர் வினையெச்ச வாய்பாடுகளுள் 'செயின்' என்பதையும் வைத்தார். நிபந்தனை வினையின் ஈற்றில் அமர்ந்திருக்கிறது. 'மழை பெஞ்சா கணேசபுரம் சுரங்கப்பாதை பக்கம் போகாத' என்று கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு இதை யாரும் கற்பிக்க வேண்டியதில்லை.

அடுத்த ஞாயிறு அதே தவறோடு அந்த நிரலை எழிலில் எழுதி அவளிடம் கொடுத்தோம். 'ஆனால்', 'இல்லைஆனால்', 'முடி' என்று விரல் வைத்துப் படித்துக்கொண்டே போனவள், 'முடி'க்கு முன் நின்றாள்.

"இங்க ஒரு 'இல்லை' வரணுமே அண்ணா?"

அந்த வரியை அவளே எழுதினாள்: இல்லை, தொகை = 0. தன் பெயருக்கு நேரே வரப்போவது அதுதான் என்று தெரிந்துதான் எழுதினாள்.