நீ டார்ச்சைப் புடி

எங்க வீட்ல ஒரு மாருதி 800 இருக்கு. வெள்ளை கலர், 2006 மாடல். அப்பா 2011ல செகண்ட் ஹேண்டா வாங்கினது. 1983 டிசம்பர்ல ரோட்டுக்கு வந்து, 2014 ஜனவரியோட தயாரிப்பையே நிறுத்திட்ட வண்டி. 796 சிசி, 3 சிலிண்டர். ஏசியும் போட்டு மேடும் ஏறணும்னா முதல்ல சாமி கும்பிட்டுக்கணும். அப்பா அதை 'அவன்'னுதான் சொல்லுவார். "அவனுக்கு இன்னிக்கு உடம்பு சரியில்லடா, பஸ்ல போயிடு."

2024 ஜூன் மாசம் அவனுக்குத் தொண்டை கட்டிக்கிச்சு. பிரேக்ல கால் வச்சா முன்சக்கரத்துல இருந்து 'க்ரீஈஈச்'. தெருநாய் எல்லாம் எழுந்து உட்கார்ந்து பார்க்குது. தெருமுனை மெக்கானிக் அண்ணன் ஒரு எட்டு பார்த்துட்டு, "முன்னாடி ரெண்டு பக்கமும் பேட் தேஞ்சு போச்சு தம்பி. பேட் காசு தனி, கூலி 400"னார்.

எனக்குச் சுர்ருன்னு ஏறிச்சு. 400 ரூபாயா? ரெண்டு போல்ட்டைக் கழட்டி மாட்டுறதுக்கா?

இங்க ஒரு உண்மையைச் சொல்லிடறேன். நான் படிச்சது மெக்கானிக்கல் இன்ஜினியரிங். பொழைக்கிறது பொட்டி தட்டி. ஆட்டோமொபைல் பேப்பர்ல ஹைட்ராலிக் பிரேக் பத்திப் பெரிய கேள்வி வந்தப்ப, மாஸ்டர் சிலிண்டர், காலிப்பர், பிஸ்டன், பாஸ்கல் விதின்னு அம்புக்குறி எல்லாம் போட்டு, ஸ்கேல் வச்சு படம் வரைஞ்சவன். அந்த டிகிரியை இதுவரைக்கும் ஒரு நட்டு முறுக்கக்கூட பயன்படுத்தினது இல்லைங்கிற உறுத்தல் உள்ளுக்குள்ள இருந்துக்கிட்டே இருக்கும். மெக்கானிக்கல் முடிச்சுட்டு ஐடிக்கு வந்த எல்லாருக்கும் இது இருக்கும்னு நினைக்கிறேன். கேட்டா ஒத்துக்க மாட்டானுங்க.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன்.

சின்ன வயசுல அப்பாகிட்ட ஒரு பஜாஜ் சேத்தக் இருந்தது. ஞாயித்துக்கிழமை ஆனா முத்தத்துல பழைய கோணியை விரிச்சு, அதைப் பிரிச்சு மேய்வார். என் வேலை ஒண்ணே ஒண்ணுதான். டார்ச் பிடிக்கிறது. "எங்கடா காட்டுற? நான் பார்க்கிற இடத்துல காட்டு." ஸ்பேனரைத் தொட விட்டதே இல்லை. "படிக்கிற கைடா அது, போய்ப் படி." படிச்சேன். படிச்சதோட பலன் என்னன்னா, 27 வயசுல எந்தப் பக்கம் சுத்தினா நட்டு கழலும்னு ஒரு நொடி யோசிக்க வேண்டியிருக்கு.

போதும், அணைச்சுடறேன்.

ஆக, "நானே மாத்தறேன்"னு அறிவிச்சாச்சு. ஆபீஸ்ல ஆணி கம்மியா இருந்த ஒரு சனிக்கிழமை ஜி.பி. ரோடு போய் பேட் செட் 650 ரூபாய்க்கு வாங்கினேன். சி கிளாம்ப், ஸ்பேனர் செட், கிளவுஸ், ஒரு பாட்டில் பிரேக் ஆயில், தலையில மாட்டுற விளக்கு. எல்லாம் சேர்த்து 2,300. 400 ரூபாய் கூலியை மிச்சம் பண்ணத்தான். அம்மா பில்லைப் பார்த்துட்டு ஒண்ணும் சொல்லாம உள்ள போயிட்டாங்க.

யூடியூப்ல வீடியோ பார்த்தேன். 14 நிமிஷ வீடியோ. ரெண்டு மடங்கு வேகத்துல வச்சு, கடைசியில அவர் ஸ்க்ரூ டிரைவரை எல்லாம் எடுத்து வைக்க ஆரம்பிச்சதும் மூடிட்டேன். இதை ஞாபகம் வச்சுக்கோங்க.

ஞாயித்துக்கிழமை காலைல 8 மணிக்கு ஆரம்பம். வீல் நட்டை வண்டி தரையில இருக்கும்போதே லூஸ் பண்ணிக்கணும், தூக்கினப்புறம் முக்கினா சக்கரம்தான் சுத்தும். இது எனக்கே தெரிஞ்சிருந்தது. ஜாக்கி போட்டுத் தூக்கி சக்கரத்தைக் கழட்டினதும், அப்பா அந்தச் சக்கரத்தை உருட்டிட்டு வந்து வண்டிக்கு அடியில படுக்க வச்சார். "ஜாக்கி நழுவினா இதுமேல உட்காரும். உன் கைமேல உட்காராது."

"அப்பா, நான் அடியில எல்லாம் போகலப்பா."

"போகாத. இருந்தாலும் இருக்கட்டும்."

அப்புறம் டார்ச்சை அவர் கையில கொடுத்தேன். எனக்குள்ள என்ன ஒரு சந்தோஷம்! 20 வருஷக் கணக்கு அன்னிக்கு நேராச்சு. "எங்கப்பா காட்டுறீங்க? நான் பார்க்கிற இடத்துல காட்டுங்க"ன்னு வேணும்னே சொன்னேன். அவரும் சிரிச்சுக்கிட்டே காட்டினார்.

முதல் கூத்து சீக்கிரமே நடந்தது. முந்தின நாள் பானெட்டைத் திறந்தப்ப பிரேக் ஆயில் குறைஞ்சிருக்கேன்னு மேல் கோடு வரைக்கும் ஊத்தி வச்சிருந்தேன். பேட் தேயத் தேய பிஸ்டன் வெளிய வரும், அந்த இடத்தை நிரப்ப ஆயில் கீழ இறங்கும். அதனாலதான் குறைஞ்சிருந்தது. புது பேட் தடிமனா இருக்கும், அதை நுழைக்க பிஸ்டனை கிளாம்ப் வச்சு உள்ள தள்ளணும். தள்ளினா இறங்கின ஆயில் எல்லாம் திரும்ப மேல வரும். நான்தான் ஏற்கெனவே விளிம்பு வரைக்கும் ஊத்தி வச்சிருக்கேனே! பொங்கி வழிஞ்சு பெயிண்ட் மேல ஓடிச்சு. பிரேக் ஆயில் பெயிண்டைத் தின்னுடும். அப்பாதான் ஓடிப்போய் ஒரு மக்கு தண்ணி கொண்டாந்து ஊத்தினார். அப்படியும் உள்ளங்கை அளவுக்கு அவன் தோல் உரிஞ்சு போச்சு. அவ்வ்வ்வ்.

இடது சக்கரம் முடிய ரெண்டு மணி நேரம். வலது சக்கரம் நல்லா வேகமா போச்சு. காலிப்பரை இறக்கி, போல்ட்டைக் கையால முறுக்கிட்டு ஸ்பேனரை எடுக்கிறேன், ஆபீஸ்ல இருந்து போன். ஏதோ ஒரு சர்வர் படுத்துடுச்சாம். தோள்ல போனை இடுக்கிக்கிட்டு 10 நிமிஷம் பேசினேன். அப்புறம் சக்கரத்தை மாட்டினேன். ஜாக்கியை இறக்கினேன். முடிஞ்சது.

"எடுத்து ஒரு ரவுண்டு போயிட்டு வருவோம்ப்பா."

"ஒரு தடவை இங்கேயே மிதிச்சுப் பார்த்துட்டு எடேன்."

"அப்பா... எல்லாம் எனக்குத் தெரியும்ப்பா."

இதை அப்படியே எழுதணும்னுதான் உட்கார்ந்தேன். அவர் சொன்னார். நான் கேட்கலை.

எங்க வீட்டு கார் ஷெட்ல இருந்து தெருவுக்கு ஒரு சரிவு இருக்கு. மழைத்தண்ணி உள்ள வரக்கூடாதுன்னு உசத்திக் கட்டினது. வண்டியைப் பின்னாடி எடுக்கிறப்ப அப்பா தெருவுல நின்னு, "வா... வா... வரலாம்"னு கை காட்டுவார். 13 வருஷமா அதான் வழக்கம், கேமராவெல்லாம் கிடையாது. ஸ்டார்ட் பண்ணி, நியூட்ரல்ல வச்சு, ஹேண்ட் பிரேக்கை விட்டேன். அவன் மெதுவா உருள ஆரம்பிச்சான். கேட்டுக்கிட்ட வந்ததும் அப்பா 'நிறுத்து'ன்னு கையைத் தூக்கினார். பிரேக்கை மிதிச்சேன்.

பெடல் தரையில போய் முட்டிச்சு. அங்க ஒண்ணுமே இல்லை. இருட்டுல இன்னொரு படி இருக்குன்னு நினைச்சுக் காலை வைப்போமே, அந்த மாதிரி.

கண்ணாடியில அப்பா. கை இன்னும் தூக்கினபடியே இருக்கு. நான் நிறுத்திடுவேன்னு நம்பி நகராம நிக்கிறார்.

அந்த நேரத்துல எனக்கு பாஸ்கலும் ஞாபகம் வரலை, ஒரு மண்ணும் வரலை. "அப்பா"ன்னு கத்தினேன்னு நினைக்கிறேன். ஹேண்ட் பிரேக்கை ரெண்டு கையாலயும் பிடிச்சு இழுத்தேன். நல்லவேளை, ஹேண்ட் பிரேக்குக்கு ஆயில் கிடையாது, கம்பிதான். பின்சக்கரத்து டிரம்மை நேரா இழுக்கும். டயர் தேய்ச்சுக்கிட்டு நின்னது. பம்பர் அவர் தொடையில லேசா இடிச்சது, அவ்வளவுதான். ஆனா அவர் பின்னாடி சாயறப்ப வலது கையை ஊன்றி விழுந்துட்டார்.

இறங்கி ஓடினேன். அவர் உட்கார்ந்தபடியே முதல்ல கேட்டது, "ஹேண்ட் பிரேக் போட்டுத்தானே இறங்கினே?"

மணிக்கட்டுல மயிரிழை அளவு விரிசல்னு எக்ஸ்ரேல தெரிஞ்சது. 5 வாரம் மாவுக்கட்டு. அம்மாகிட்ட, டாக்டர்கிட்ட, பக்கத்து வீட்ல, எல்லார்கிட்டயும் அப்பா ஒரே கதைதான் சொன்னார். "கேட்டுக்கிட்ட பாசி, வழுக்கிடுச்சு." ஜூன் மாச வெயில்ல ஏதுங்க பாசி? நான் பக்கத்துலயே நின்னேன். வாயைத் திறக்கலை.

சாயங்காலம் மெக்கானிக் அண்ணனைக் கூட்டிட்டு வந்தேன். முழுசா சொல்லி முடிக்கிறதுக்குள்ள அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "பேட் போட்டப்புறம் பெடலை பம்ப் பண்ணியா தம்பி?"

விஷயம் இவ்வளவுதான். பிஸ்டனை உள்ள தள்ளிட்டதால அதுக்கும் பேடுக்கும் நடுவுல இடைவெளி இருக்கும். ஒரு மிதிக்கு மாஸ்டர் சிலிண்டர் தள்ளுற ஆயில் கொஞ்சம்தான், அது அந்த இடைவெளியை நிரப்பவே சரியாப் போயிடும். நாலஞ்சு தடவை மிதிச்சு, பெடல் கல்லு மாதிரி ஆனப்புறம்தான் வண்டியை நகர்த்தணும். பாஸ்கல் விதி அன்னிக்கும் சரியாத்தான் வேலை செஞ்சது. நான்தான் செய்யலை.

அன்னிக்கு ராத்திரி அந்த வீடியோவைத் திரும்ப ஓட்டினேன். 13வது நிமிஷத்துல, சாமானை எடுத்து வச்சுக்கிட்டே, போற போக்குல சொல்றார். அவருக்கு அது ஒரு ஸ்டெப்பே இல்லை. சாப்பிட்டா கை கழுவுற மாதிரி.

கதை இதோட முடியலை. மெக்கானிக் அண்ணன், "எதுக்கும் ரெண்டு சக்கரத்தையும் கழட்டிப் பார்த்துடறேன்"னார். இடது பக்கம் சரியா இருந்தது. வலது பக்கம் காலிப்பர் போல்ட்ல ஸ்பேனரைப் போட்டார். சுத்திச்சு. முக்கால் சுத்து, எந்தத் தடையும் இல்லாம. போன் வந்தப்ப கையால முறுக்கினதோட விட்டிருக்கேன்.

அவர் என்னைப் பார்த்தார். திட்டலை. இறுக்கிட்டு, கையைத் துடைச்சுக்கிட்டு, "ஜி.எஸ்.டி. ரோட்ல போறப்ப கழண்டிருக்கும்"னு மட்டும் சொன்னார்.

யோசிச்சுப் பாருங்க. அப்பா சொன்னபடி நான் பெடலை மிதிச்சுப் பார்த்திருந்தா பிரேக் பிடிச்சிருக்கும். 'பார்த்தீங்களா, சொன்னேன்ல'ன்னு அம்மாவையும் ஏத்திக்கிட்டு தாம்பரம் வரைக்கும் போயிருப்பேன். ஒரு தப்பு அப்பா கையை உடைச்சது. அது நடக்கலைன்னா இன்னொண்ணு எங்க எப்படி வெளிய வந்திருக்கும்னு எனக்கு இப்பவும் யோசிக்கப் பிடிக்கலை.

ஆபீஸ்ல நான் எழுதுற நாலு வரியை இன்னொருத்தர் படிச்சுப் பார்க்காம வெளிய விடமாட்டோம். தப்பாப் போனா பழைய வெர்ஷனுக்குத் திரும்பிடலாம். பழகிப்போச்சு. 650 கிலோ இரும்பு சரிவுல உருளும்போது பழைய வெர்ஷன் கிடையாது. அந்த 400 ரூபாய் ரெண்டு போல்ட்டைக் கழட்டுறதுக்குன்னு நினைச்சேன் பாருங்க... போன் வந்தாலும் போல்ட்டை மறக்காத கைக்குத்தான் அந்தக் காசு.

அஞ்சு வாரமும் அப்பாவுக்கு ஷேவிங் என் வேலை. கண்ணாடி முன்னாடி ஸ்டூல் போட்டு உட்காருவார். கழுத்துக்கிட்ட வர்றப்ப மட்டும், "டேய், மெதுவா. பிரேக் இருக்குல்ல?"ம்பார். எனக்குச் சிரிப்பு வராது. அவருக்கு வரும்.

மூணாவது வாரம் தாங்க முடியாம அம்மாகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். அரிசி களைஞ்சுக்கிட்டு இருந்தாங்க. திரும்பிக்கூடப் பார்க்கலை. "டயர் தேஞ்ச சத்தமும் நீ கத்தினதும் சமையக்கட்டு வரைக்கும் கேட்டுச்சு. நீயா வந்து சொல்றியான்னு பார்த்துட்டு இருந்தேன்."

கட்டுப் பிரிச்ச அடுத்த ஞாயித்துக்கிழமை, அப்பா கோணியை விரிச்சார். அவனுக்கு ஏர் ஃபில்டர் மாத்தணுமாம். நான் ஸ்பேனர் பெட்டியை எடுத்துட்டுப் போனேன். அவர் அதை வாங்கித் தன் பக்கம் வச்சுக்கிட்டார். வலது கை இன்னும் முழுசா மடங்கலை, இடது கையால க்ளிப்பைத் தேடிக்கிட்டே சொன்னார்.

"நீ டார்ச்சைப் புடி."

புடிச்சேன். அவர் பார்க்கிற இடத்துல.

பி.கு: நீங்களும் இதைச் செய்யப் போறீங்கன்னா, தாராளமா செய்ங்க. பிரேக் ஆயிலை முன்னாடியே ரொப்பி வைக்காதீங்க. ஒவ்வொரு போல்ட்டையும் இறுக்கினதும் சாக்பீஸால ஒரு கோடு போடுங்க, கோடு இல்லாத போல்ட் மேல சக்கரம் ஏறக்கூடாது. போனை உள்ள வச்சுட்டு வாங்க. வண்டி நகர்றதுக்கு முன்னாடி பெடல் கெட்டியாகிற வரைக்கும் மிதிங்க. மிதிச்சப்புறமும் பின்னாடி யாரையும் நிக்க வைக்காதீங்க.