யார் யாரை வரைவது?

1898. கொடைக்கானலில் பெண்பிள்ளைகளை விட்டுவிட்டு ஹெலன் பானர்மன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் மதராசுக்கு ரயிலில் திரும்புகிறார். கணவர் இந்திய மருத்துவப் பணியில் டாக்டர். பிள்ளைகளைப் பிரிந்த ஏக்கத்தில், வழியிலேயே அவர்களுக்காக ஒரு கதை கட்டுகிறார். படங்களும் அவரே போட்டவை. மறு ஆண்டு லண்டனில் ‘லிட்டில் பிளாக் சாம்போ’ அச்சேறியது. உரிமை போன விலை 5 பவுண்டு.

புலிகள் ஒன்றையொன்று துரத்தி, மரத்தைச் சுற்றிச் சுற்றி ஓடி, உருகி நெய்யாகிப்போகும் கதை. குழந்தைகளுக்குப் பிடிக்காமல் போக வழியே இல்லை. புலியும் நெய்யும் நம்மூர்ச் சரக்கு. பையன் மட்டும் எந்த ஊரையும் சேர்ந்தவனில்லை. பிதுங்கிய கண், தடித்த உதடு, கரி பூசிய முகம். அன்றைய மேடைகளில் வெள்ளைக்காரர்கள் கறுப்பரைக் கேலிசெய்யப் போட்டுக்கொண்ட வேஷம் அது. அந்த ரயில் ஜன்னலுக்கு வெளியே களத்துமேட்டில் நின்றவர்கள் எப்படி இருந்திருப்பார்கள் என்று நமக்குத் தெரியும். வரைந்தவர் அவர்களைப் பார்க்கவில்லை, அல்லது பார்த்ததை வரையவில்லை.

அமெரிக்கப் பதிப்புகளில் படங்கள் இன்னும் மோசமாகி, அந்தப் பெயரே வசைச்சொல்லானது. 1996இல் கதைக்கு இரண்டு மறுபிறவி. ஜூலியஸ் லெஸ்டர் புதிதாகச் சொல்ல ஜெர்ரி பிங்க்னி வரைந்தது ஒன்று. பெயர்களை மாற்றி, ஃப்ரெட் மார்செலினோ இந்தியப் பையனாகவே வரைந்தது இன்னொன்று. பழைய புத்தகத்தைப் பிள்ளைகள் அலமாரியில் வைக்கலாமா என்று ஒரு தோழி கேட்டார். அங்கே வேண்டாம். ஆசிரியப் பயிற்சிக்கு வருகிறவர்கள் கையில் கட்டாயம் கொடுக்க வேண்டும்.

*

மாறுவேடப் போட்டி. வருஷம் தவறாமல் ஏதாவதொரு பள்ளியில் நடுவராகக் கூப்பிடுகிறார்கள். கண்மையால் கண்ணை இழுத்துவிட்டுக் குடை பிடித்தால் ஜப்பான். பஞ்சு ஒட்டிய தொப்பி போட்டால் எஸ்கிமோ. உடம்பெல்லாம் கரி பூசினால் ஆப்பிரிக்கா. ஒரு கண்டம் முழுவதும் ஒரே டப்பாக் கரியில் முடிந்துபோகிறது. இதெல்லாம் தூரதேசம், தெரியாமல் செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். ஊசிமணி, பாசிமணி, கையில் ஒரு பொம்மைக் குருவி என்று ‘குறத்தி’ வந்து நிற்கும்போது என்ன சொல்வது? அந்தப் பிள்ளை தினமும் பஸ் ஏறும் நிறுத்தத்திலேயே நரிக்குறவர் வீட்டுப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருத்தியின் பெயர்கூட மேடையில் நிற்பவளுக்குத் தெரியாது.

அமெரிக்கக் கல்வியாளர் லூயிஸ் டெர்மன்-ஸ்பார்க்ஸ் 1989இலேயே இதைப் போன்றவற்றைச் சுற்றுலாப் பாடத்திட்டம் என்று கண்டித்தார். திருவிழா, உடை, பலகாரம் மூன்றையும் தொட்டுக்காட்டிவிட்டு ஊர் திரும்பிவிடுவது. நம்மூர் ‘உலக நாடுகள் தினம்’ அதிலும் பாதியில் திரும்பிவிடுகிறது, பலகாரம் கிடையாது.

*

எஸ்ரா ஜாக் கீட்ஸின் ‘தி ஸ்னோயி டே’, 1962. சிவப்பு உடுப்புப் போட்ட பீட்டர் என்ற கறுப்பினச் சிறுவன் பனி கொட்டிய நாளில் வெளியே போய்த் திரும்புகிறான். அவ்வளவுதான் கதை. சென்னை வியாசர்பாடிப் பிள்ளைகளுக்கு இதை வாசிக்க எடுத்துப்போனபோது பனியை எப்படிப் புரியவைப்பது என்று யோசித்தேன். நம் மார்கழிப் பனி மரத்தில் கட்டியாக உட்காராது. ஆனால் பீட்டர் பனிப்பந்தைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் போகிற இடம் வந்ததும், “போச்சு, கரைஞ்சுடும்!” என்று நாலு பேர் கத்தினார்கள். ஐஸ்கட்டியைக் கால்சட்டைப் பையில் போட்டு உதை வாங்கிய வரலாறுகள் அடுத்தடுத்து வந்தன. கட்டி கரையும் என்று தெரிந்தவர்களுக்குப் பனியைப் பற்றி நான் சொல்ல என்ன இருக்கிறது?

மாட்டிக்கொண்டது வேறிடத்தில். பீட்டர் குளியல்தொட்டியில் உட்கார்ந்து யோசிக்கிற பக்கம்.

“அழுக்கு அந்தத் தண்ணியிலயேதானே கெடக்கும்? அதுலயேவா குளிக்கிறான்?” இரண்டாம் வகுப்புக்காரி கேட்டாள்.

“கடைசியா மேல ஒரு சொம்பு ஊத்திப்பான்டி.”

சபை இந்த விளக்கத்தை ஏற்றுக்கொண்டது. நானும் வாயைத் திறக்கவில்லை. இன்னொரு ஊர்க்காரன் செய்வது முதலில் விநோதமாகவும், பிறகு ஏதோ காரணம் இருக்கும்போல என்றும் படுவதற்குள் நடுவில் புகுந்து விளக்கவுரை நிகழ்த்துவதுதான் பெரியவர்களின் வியாதி.

கீட்ஸ் கறுப்பர் இல்லை. புரூக்ளினில் வளர்ந்த, போலந்து யூதக் குடும்பத்துப் பிள்ளை. 1940இல் ‘லைஃப்’ பத்திரிகையில் வந்த ஒரு கறுப்பினச் சிறுவனின் படங்களை வெட்டி வைத்துக்கொண்டு இருபது வருஷத்துக்கு மேல் பார்த்துக்கொண்டே இருந்தவர். பிறகுதான் பீட்டரை வரைந்தார். வெளியாள் வரையவே கூடாது என்று வாதிடுகிறவர்களிடம் இந்த இருபது வருஷத்தைத்தான் சொல்வேன். அவர் மீதும் விமர்சனம் உண்டு. நான்ஸி லாரிக் 1965இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, மூன்று ஆண்டுகளில் அமெரிக்காவில் வந்த 5,206 சிறுவர் நூல்களைக் கணக்கெடுத்து, கறுப்பர் ஒருவராவது தலைகாட்டுபவை 6.7 சதவீதமே என்று சொன்னது. பீட்டரின் நிறத்தைப் பற்றிக் கதையில் ஒரு சொல் இல்லையே என்று அதே கட்டுரை குறைப்பட்டுக்கொண்டது. எனக்கு அந்தச் சொல் இல்லாததுதான் பிடித்திருக்கிறது. பனியில் ஆடப்போகிற பையன் தன் நிறத்தை நினைத்துக்கொண்டா கதவைத் திறப்பான்?

*

சோவியத் புத்தகங்கள். நியூ செஞ்சுரி புத்தகக் கடையில் சில்லறைக் காசுக்குக் கிடைத்த கெட்டி அட்டைகள். பிர்ச் மரத்தையும் சமோவாரையும் எங்களுக்குக் காட்டியவை அவைதான். அந்தப் படங்களில் எல்லோரும் ஆரோக்கியமாக இருந்தார்கள், யாரும் ரொட்டிக்கு வரிசையில் நிற்கவில்லை. இன்னொரு நாட்டை அந்த நாட்டுக்காரரே வரைந்தாலும் எதை விட்டுவிட்டார் என்று பார்க்கத்தான் வேண்டும். அச்சும் தாளும் மட்டும் இன்றைக்கும் பொறாமைப்பட வைக்கின்றன.

*

திருப்பி வரைந்தவர் ஒருவர் உண்டு. மத்தியப் பிரதேசத்துப் பாட்டன்கர் கிராமத்தைச் சேர்ந்த கோண்டு ஓவியர் பஜ்ஜு ஷ்யாம். லண்டனில் ஓர் இந்திய உணவகத்தின் சுவர்களுக்குப் படம் எழுதப் போனார். திரும்பி வந்து பார்த்ததையெல்லாம் கோண்டுப் பாணியில் வரைந்ததை 2004இல் சென்னையின் தாரா புக்ஸ் ‘தி லண்டன் ஜங்கிள் புக்’ ஆக வெளியிட்டது. கிப்ளிங் நம் காட்டை எழுதினார். இவர் அவர்கள் ஊரைக் காடாக்கிவிட்டார். விமானம் பறக்கும் யானை. பிக் பென் மணிக்கூண்டும் பொழுது சொல்லும் சேவலும் ஒரே உடம்பு. தினமும் தப்பாமல் வந்து ஏற்றிக்கொண்டுபோன 30ஆம் எண் பேருந்து விசுவாசமான நாய். பாதாள ரயில் மண்ணுக்குள் நெளிகிறது.

எங்கள் வியாசர்பாடிப் பிள்ளைகள் இந்தப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு 29சி பேருந்துக்கு எருமை என்று பெயர் வைத்தார்கள். அதற்கு மேல் இதைப் பற்றி வகுப்பெடுக்கத் தேவைப்படவில்லை. லண்டன் எப்படி இருக்கும் என்று கேட்டவர்களுக்குச் செல்போனில் புகைப்படம் காட்டினேன். “இது சும்மா கட்டடம்” என்று ஒதுக்கிவிட்டார்கள்.

*

ஜெல்லா லெப்மன். யூதர், பத்திரிகையாளர். ஹிட்லருக்குத் தப்பி லண்டன் போனவர், போர் முடிந்ததும் அமெரிக்க ராணுவத்தின் ஆலோசகராக ஜெர்மனிக்குத் திரும்பினார். பெண்கள், குழந்தைகள் நலன் அவர் பொறுப்பு. இடிபாடுகளுக்கு நடுவே அவர் எழுதிய கடிதங்களில் கேட்டது புத்தகம். இருபது நாடுகளுக்கு எழுதினார்: ஜெர்மன் குழந்தைகளிடம் உலகத்தைக் காட்ட உங்கள் சிறுவர் நூல்களை அனுப்புங்கள், குறிப்பாகப் படப்புத்தகங்களை, மொழி தெரியாவிட்டாலும் படம் பேசும். பெல்ஜியம் முதலில் மறுத்துவிட்டது. இரண்டு முறை ஜெர்மன் படை மிதித்த நாடு, மறுத்ததில் வியப்பில்லை. மூன்றாவது முறை நடக்காமல் இருக்கத்தான் கேட்கிறேன் என்று லெப்மன் மறுபடி எழுதினார். புத்தகங்கள் வந்தன.

1946 கோடையில் மியூனிக்கில் கண்காட்சி. இடம், தூய ஜெர்மன் கலைக்கென்று நாஜிகள் கட்டிய அதே மண்டபம். அந்த ஆண்டு ‘ஃபெர்டினாண்ட்’ காளையின் கதையை அவரே ஜெர்மனில் பெயர்த்து, செய்தித்தாள் தாளில் 30,000 படி அடித்துக் குழந்தைகளுக்குக் கொடுத்தார். 1949இல் அதே நகரில் பன்னாட்டு இளையோர் நூலகம் பிறந்தது.

நாம் பண்பாட்டுப் பரிமாற்றம் என்று சொல்லிப் பெரும்பாலும் நம்முடையதைப் பொட்டலம் கட்டி அனுப்புகிறோம். அந்த அம்மாள் கையேந்தினார், அதுவும் காயம்பட்டவர்களிடம்.

*

தொழில்நுட்பம். செல்போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு இருபது பிள்ளைகளுக்குப் படக்கதை காட்டுவது வீண்வேலை. இரண்டு பக்கம் விரிந்த ஓவியம் உள்ளங்கைக்குள் சுருங்கிவிடும். கடைசி வரிசைக்கு வெளிச்சம் மட்டும் போய்ச்சேரும். இரவல் புரொஜெக்டரும் வெள்ளையடித்த சுவரும் இருந்தால் கதையே வேறு. யானையின் கண் குழந்தை உயரத்துக்கு வருகிறது. எழுந்து போய்த் தொடுகிறார்கள்.

2002இல் மேரிலேண்ட் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய பன்னாட்டுச் சிறுவர் மின்நூலகத்தை வடிவமைக்கும்போது குழந்தைகளையே கூட வைத்துக்கொண்டார்கள். விளைவு, புத்தகத்தை அட்டையின் நிறத்தை வைத்துத் தேட வழி வந்தது. நூலக அறிவியல் படித்த எவருக்கும் இது தோன்றியிருக்காது. நம்மூர் நூலகத்தில் போய் ‘பச்சை அட்டை’ என்று கேட்டால் என்ன கிடைக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

*

டாலர் ஸ்ட்ரீட். ஸ்வீடனின் கேப்மைண்டர் நிறுவனத்து அன்னா ரோஸ்லிங் ரோன்லுண்ட் 2016இல் திறந்துவைத்த இணையத் தெரு. பல நாட்டு வீடுகளுக்குள் போய் அடுப்பு, கட்டில், பல்துலக்கி, கழிப்பறை, செருப்பு என்று படமெடுத்து, மாத வருமானப்படி வரிசையாக அடுக்கியிருக்கிறார்கள். ஏழை வீடு இடக்கோடியில், பணக்கார வீடு வலக்கோடியில்.

சுவரில் அடுப்புகளைப் போட்டு, நாட்டின் பெயரை மறைத்து, எந்த ஊர் என்று கேட்டேன். மூன்று கல் வைத்த அடுப்பைப் பார்த்து ஒருத்தன் “எங்க ஆயா ஊரு” என்றான். அது ஆப்பிரிக்கா. பளபளவென்ற ஒரு சமையலறையைப் பார்த்து எல்லோரும் ஒரே குரலில் “ஃபாரின்!” அது இந்தியா. கொஞ்ச நேரம் யாரும் நம்பவில்லை. பிறகு, “அப்ப நாம ஆப்பிரிக்காக்காரங்களா?” என்றாள் ஒருத்தி. மாறுவேடப் போட்டி நடத்துகிறவர்களுக்கு இந்தக் கேள்வியை அனுப்பிவைக்க வேண்டும்.

*

செயற்கை நுண்ணறிவில் படம் வரைந்து நாமே பல நாட்டுக் கதை செய்யலாமே என்று தன்னார்வலர் ஒருவர் உற்சாகமாக வந்தார். ஜப்பானியக் குழந்தை காலை உணவு உண்கிறது என்று கேட்டோம். கிமோனோவும் செர்ரிப் பூவும் வந்தன. தமிழ்நாட்டுச் சிறுமி என்று கேட்டோம். பட்டுப்பாவாடை, நெற்றிச்சுட்டி, பின்னால் கோபுரம். நைட்டி மேல் துண்டு போட்டுத் தண்ணீர் லாரிக்குக் குடம் தூக்கிவிட்டு வந்திருந்த சிறுமிகள் அந்தப் படத்தைப் பார்த்து, “யாருக்குக் கல்யாணம்?” என்றார்கள். இணையத்தில் மலிந்து கிடப்பதையே இயந்திரம் திரும்பத் தருகிறது. பானர்மனுக்கு ஜன்னலாவது இருந்தது. இது ஜன்னல்கூட இல்லாத ரயில்.

*

ஸ்டோரிவீவர். பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய தளம். கதைகள் திறந்த உரிமத்தில் இருக்கின்றன. யாரும் படிக்கலாம், மொழிபெயர்க்கலாம், அங்குள்ள படங்களை வைத்துப் புதுக்கதை செய்யலாம். எங்களுக்கு அது உதவியது வெளிநாட்டைக் காட்ட அல்ல. கட்டட வேலைக்கு வந்த ஒடிசாக் குடும்பத்துப் பையன் ஒருவன் மூலையில் உட்கார்ந்துகொண்டே இருந்தான். மீன் பிடிக்கப் போகும் ஒரு சிறுமியின் கதையை அவனுக்கு ஒடியாவில் டேப்லெட்டில் திறந்துகொடுத்து, மற்றவர்களுக்குத் தமிழில் அச்செடுத்துக் கொடுத்தோம். படம் எல்லோருக்கும் ஒன்று. அவன் சத்தமாக வாசிக்க, இவர்கள் எந்தப் பக்கம் என்று தேட, விளையாட்டாகிவிட்டது.

நாலாம் பக்கத்தில் அவன் நிறுத்திவிட்டான். வலையை அப்படிப் பிடிக்கவே மாட்டார்களாம். ஒரு துண்டை எடுத்துத் தோளில் போட்டு, ஓரத்தைப் பல்லில் கவ்வி, இடுப்பைத் திருப்பி வீசிக் காட்டினான். காசிமேட்டுத் தாத்தா இருக்கிற பையனுக்கு இது பொறுக்கவில்லை. “அது குளத்து வலைடா, கடல்ல இப்படி வீசுனா நீயும் சேர்ந்து போயிடுவ.” அவன் வேறு விதமாக வீசிக் காட்டினான். படத்தில் இருப்பது இரண்டுமில்லை என்பதில் மட்டும் இருவருக்கும் உடன்பாடு.

இப்போது இருவரும் சேர்ந்து அந்தப் பக்கத்தை மாற்றி வரைந்துகொண்டிருக்கிறார்கள். குளம் ஒரு பாதி, கடல் ஒரு பாதி. ஸ்கேன் செய்து தளத்தில் ஏற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். எழுத்து முதலில் ஒடியாவில் வருமா தமிழில் வருமா என்பதில் தகராறு நடக்கிறது. படம் வரைகிற வேலை அதனால் நிற்கவில்லை.