வடம் சுருட்டுதல்

கேபிள் என்பதற்கு 'வடம்' என்று தமிழில் பெயர் வைத்தவர் யாராக இருந்தாலும் அவருக்கு என் வணக்கம். கலைச்சொற்கள் மீது பொதுவாக எனக்கு நம்பிக்கை குறைவு. அவற்றில் பெரும்பகுதி அகராதியிலேயே பிறந்து அங்கேயே அடக்கமாகிவிடுகின்றன. ஆனால் மின்வடம், கடலடி வடம் என்ற சொற்களைக் காணும்போது சுசீந்திரத்தில் மார்கழித் தேரை இழுக்கும் வடம் கண்முன் வந்து நிற்கிறது. கதம்பை நாரை ஒரு திசையில் முறுக்கிப் புரியாக்கி, அப்புரிகளை எதிர்த்திசையில் முறுக்கிச் சேர்த்தால்தான் கயிறு கயிறாக நிற்கும். இரண்டு முறுக்குகளும் ஒன்றையொன்று அவிழவிடாமல் பிடித்துக்கொள்கின்றன. (ஆங்கிலத்தின் 'காயர்' என்ற சொல் நம் கயிற்றிலிருந்தும் மலையாளத்தின் கயரிலிருந்தும் கப்பலேறிப் போனதுதான்.) ஒரு மின்கம்பியின் மேலுறையைச் சீவிப் பார்த்தால் மெல்லிய செம்பிழைகள் அதேபோல முறுக்கிக் கிடக்கின்றன. முறுக்கு உள்ள பொருளைச் சுருட்டுவது எளிய காரியமன்று என்பதைச் சொல்லத்தான் இத்தனை பீடிகை.

திற்பரப்பில் யாரும் வடம் என்று சொல்வதில்லை. வயர்தான். என் தாய்மாமன் அங்கே மைக் செட் வைத்திருந்தார். இரண்டு அகுஜா ஆம்ப்ளிபயர், ஆறு குழாய் ஒலிபெருக்கி, ட்யூப் லைட்டுகள், சீரியல் பல்புகள், இவற்றையெல்லாம் இணைக்கும் வயர்ச் சுருள்கள். கல்யாண வீடு, சாவு வீடு, பள்ளி ஆண்டு விழா, தேவாலயத் திருநாள் எதுவானாலும் போவார். அவருடைய பெரிய நாள் சிவராத்திரி. சிவாலய ஓட்டத்தின் பன்னிரண்டு கோயில்களில் எங்கள் மகாதேவர் மூன்றாமவர். திருமலையில் தொடங்கி, திக்குறிச்சி கடந்து, கையில் விசிறியோடு 'கோவிந்தா, கோபாலா' என்று கூவிக்கொண்டு வரும் கூட்டம் திற்பரப்பைத் தொட்டு திருநந்திக்கரைக்கு விரையும். அத்தனை வெறுங்கால்களும் இருட்டில் ஓடும் பாதையில்தான் மாமாவின் வயர்களும் போயாக வேண்டும். கோயிலை ஒட்டி, பரந்த பாறைமீது வழிந்துவரும் கோதையாறு ஐம்பது அடி கீழே விழுகிறது. அந்த இரைச்சலுக்கு மேல் ஒலி எழும்ப வேண்டும். ஈரமும் மின்சாரமும் கூட்டமும் ஒரே இடத்தில். ஒரு வயர் தரையில் தளர்ந்து கிடந்தால் என்ன ஆகும் என்பதை அவர் ஒருபோதும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் பாதையை ஒரு வயர் கடக்கவேண்டிய இடத்தில் இரண்டு பக்கமும் கமுகங்கழி நட்டு ஆள் உயரத்துக்கு மேல் கொண்டுபோனபிறகுதான் தேநீர் குடிப்பார்.

1990ஐ ஒட்டிய வருடங்களில், விடுமுறை நாட்களில் நான் அவருடைய கூலியில்லா உதவியாளன். விழா முடிந்த விடியலில் எல்லோரும் தூக்கத்துக்கு ஏங்கும்போதுதான் வயர் சுருட்டும் வேலை தொடங்கும். பொதுவாக எல்லோரும் செய்வது, உள்ளங்கைக்கும் முழங்கை முட்டிக்கும் இடையே சுற்றுவது. பார்க்க வேகமாகவும் ஒழுங்காகவும் இருக்கும். அதைச் செய்யும் ஆளை மாமா அடுத்த விழாவுக்குக் கூப்பிடமாட்டார். ஒவ்வொரு சுற்றிலும் வயருக்குள் ஒரு முழு முறுக்கு ஏறுகிறது. இருபது சுற்றுக்கு இருபது முறுக்கு, எல்லாம் ஒரே திசையில். அடுத்தமுறை அதை ஒரு முனை பிடித்து இழுத்தால் பாம்பு போல நெளிந்து தனக்குத்தானே முடிச்சிட்டுக்கொள்ளும். அந்த முடிச்சை ஆத்திரத்தில் இழுக்கும்போது உள்ளே செம்பிழைகள் ஒவ்வொன்றாக அறும். வெளியே ஒன்றும் தெரியாது. விழா நடுவில் ஒலி விட்டுவிட்டு வரும்.

அவர் முறை வேறு. ஒரு வளையத்தை வழக்கம்போல மடக்குவார். அடுத்த வளையத்துக்கு மணிக்கட்டை உள்நோக்கித் திருப்பி வயரை அடிப்பக்கமாகக் கொண்டுவருவார். ஒன்று மேல், ஒன்று கீழ். முதல் வளையம் ஏற்றிய முறுக்கை இரண்டாவது வளையம் இறக்கிவிடும். அப்படிச் சுருட்டிய நூறு அடி வயரின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு மறுமுனையை வீசினால் முற்றத்தில் நேராகப் போய் விழும். "மக்களே, வயருக்கு ஒரு போக்கு உண்டு. அதுக்க போக்குல நீ போவணும். உனக்க போக்குக்கு அதைப் பிடிச்சு இழுக்கப்படாது" என்பார். எனக்கு அந்த மணிக்கட்டுத் திருப்பம் கைவர ஒரு கோடை முழுவதும் ஆயிற்று. பிறகு எவ்வளவோ இலக்கணம் படித்திருக்கிறேன். கைக்குள் போய் அமர்ந்த இலக்கணம் அது ஒன்றே.

சுருளைக் கட்டுவதற்குப் பழைய சைக்கிள் டியூபை வளையங்களாக வெட்டி வைத்திருப்பார். சுருளை இறுக்கும் கட்டு கூடாது. விரல் நுழையும் தளர்வு வேண்டும். மைக் வயருக்குச் சிவப்புத் துணி, கரண்டு வயருக்குக் கறுப்புத் துணி முனையில் முடிந்திருக்கும். இரண்டையும் ஒரே கட்டாகக் கட்டவும் கூடாது, விழாவில் பக்கத்துப் பக்கத்தில் படுக்கவைக்கவும் கூடாது. படுத்தால் ஒலிபெருக்கியில் ஓர் உறுமல் கேட்கும். மின்சாரத்தின் ஐம்பது சுழற்சித் துடிப்பு மைக் வயரில் தொற்றிக்கொள்வதால் வருவது அது என்று பின்னாளில் படித்தேன். கடந்தே ஆகவேண்டுமென்றால் கூட்டல் குறி போலக் கடக்க வேண்டும். இந்தத் தீண்டாமை மட்டும் எனக்கு நியாயமாகப் பட்டது.

இவற்றைவிட என்னை வியக்கவைத்தது அவருடைய இன்னொரு கட்டளை. ஐம்பது அடி போதும் என்ற இடத்துக்கு நூறு அடி வயர் போனால் மிச்சத்தை அழகாகச் சுருட்டி மூலையில் வைக்கத்தானே தோன்றும்? கூடாது. பெரிய விளக்குகளுக்கான மின்சாரம் ஓடும் வயர் என்றால் முழுச் சுருளையும் அவிழ்த்து விரவிப் போட வேண்டும். ஓடும் மின்சாரம் வயரைச் சூடாக்கும். விரிந்து கிடந்தால் சூடு காற்றில் போய்விடும். சுருளுக்குள் அது வெளியேற வழியின்றிச் சேர்ந்து சேர்ந்து உறையை உருக்கிவிடும். ஒழுங்கு என்று நாம் நினைப்பது ஓய்விலிருக்கும் பொருளுக்கான ஒழுங்கு. வேலை செய்யும் பொருளுக்கு வேறு ஒழுங்கு போலும். வகுப்பறைகளைக் கடந்து போகும்போது சிலசமயம் இதை நினைத்துக்கொள்வதுண்டு.

அட்லாண்டிக் கடலடித் தந்தி வடத்தின் வரலாற்றைப் பல வருடங்களுக்குப்பின் வாசித்தபோது எனக்கு மாமாவின் கொட்டகைதான் நினைவுக்கு வந்தது. 1866இல் 'கிரேட் ஈஸ்டர்ன்' என்ற பெருங்கப்பல் 2,000 மைலுக்கும் அதிகமான வடத்தை வயிற்றில் சுமந்து அயர்லாந்திலிருந்து மேற்கே புறப்பட்டது. அவ்வளவு வடமும் கப்பலுக்குள்ளிருந்த வட்டத் தொட்டிகளில் மனிதக் கைகளால் வளையம் வளையமாகப் படுக்கவைக்கப்பட்டிருந்தது. அதன் மின்காப்புறை கட்டாபெர்ச்சா என்னும் மரப்பால். மலாய்க் காடுகளில் மரங்களை வெட்டிச் சாய்த்து எடுத்தது. காய்ந்து கெடாமலிருக்கத் தொட்டிகளில் நீர் நிறைத்து வைத்திருந்தார்கள். ரப்பர்ப் பாலும் ஒட்டுப்பாலும் மணக்கும் ஊரில் பிறந்தவனுக்கு இந்தச் செய்தி வெறும் செய்தியல்ல. அந்த ஜூலையில் ஓர் இரவு, காற்றும் மழையுமாக இருக்கும்போது, தொட்டியிலிருந்து எழும் வளையம் பக்கத்து வளையங்களையும் சேர்த்து இழுத்துக்கொண்டு மேலே வந்துவிட்டது. தளத்தில் பெரும் சிக்கு. கப்பலை நிறுத்தினார்கள். வெட்டி ஒட்டலாம் என்பது எளிய வழி. அவர்கள் வெட்டவில்லை. மழையில் நின்று ஒவ்வொரு மடிப்பாகத் தேடிப் பிரித்தெடுத்தார்கள். அம்மாதமே வடம் அமெரிக்கக் கரையைத் தொட்டது. நான்காண்டுகள் கழித்து, 1870இல், அதே கப்பல் பம்பாய்க்கும் ஏடனுக்கும் இடையே வடம் இட்டது.

சிக்கு விழுவது மனிதனின் கவனக்குறைவால் மட்டுமே அன்று என்பதும் நிரூபணமாகியிருக்கிறது. டோரியன் ரேமர், டக்ளஸ் ஸ்மித் என்ற இரு கலிபோர்னிய இயற்பியலாளர்கள் ஒரு பெட்டிக்குள் கயிற்றைப் போட்டு உருட்டினார்கள், 3,415 முறை. சில நொடிகளிலேயே முடிச்சுகள் தோன்றின. கயிறு நீளமாகவும் துவள்வதாகவும் இருந்தால் வாய்ப்பு அதிகம். 2007இல் வெளியான இந்த ஆய்வுக்கு மறுவருடம் இக் நோபல் பரிசு, அதாவது சிரிக்கவைத்துச் சிந்திக்கவைக்கும் ஆய்வுக்கான பரிசு, கிடைத்தது. மாமாவிடம் இதைச் சொன்னபோது, "பெட்டியில அள்ளிப் போட்டா பின்னத்தான் செய்யும். அதுக்கு மூவாயிரம் தடவ உருட்டணுமா?" என்று கேட்டார்.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் வந்தது. கடலுக்குப் போன எத்தனையோ மீனவர்கள் திரும்பவேயில்லை. அந்த இழப்பின் முன் ஒரு மைக் செட் கொட்டகையைப் பற்றிப் பேச நா எழாது. இருந்தாலும் எங்கள் வீட்டில் நடந்தது இது. பெரிய ரப்பர் மரம் ஒன்று வேரோடு சாய்ந்து கொட்டகையை நசுக்கியது. மாமா தொழிலை விட்டு ஏழெட்டு வருடம் ஆகியிருந்தது. சுவரில் ஆணி ஆணியாகத் தொங்கிய சுருள்கள் சேற்றுக்குள் ஒரே பிண்டமாகக் கிடந்தன. மாவட்டம் முழுக்க ஆயிரக்கணக்கான மின்கம்பங்கள் விழுந்திருந்தன. பிற மாவட்டங்களிலிருந்து வந்த மின்வாரியத் தொழிலாளர்கள் இரவுபகலாகக் கம்பி இழுத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் பக்கம் மின்சாரம் திரும்ப இரண்டு வாரத்துக்கு மேலாயிற்று.

நான் ஊருக்குப் போனபோது அறுபத்தெட்டு வயதான மாமா திண்ணையில் மண்ணெண்ணெய் விளக்கை வைத்துக்கொண்டு அந்தப் பிண்டத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். முனையைத் தேடி இழுப்பதில்லை. பிண்டத்தை உலுக்கி உலுக்கித் தளர்த்துவார்; உள்ளிருக்கும் வளையங்களை வெளிநோக்கிப் பெரிதாக்குவார். சிக்கு தானாகவே வாய் திறக்கும்வரை முனையைத் தொடமாட்டார். தெருவில் மின்சாரமே இல்லாத இரவில் ஒருவர் மின்வயர்களை அவிழ்த்துக்கொண்டிருப்பதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

"ஆக்கர் கடைக்குப் போட்டுடலாமே மாமா. செம்புக்கு நல்ல விலை" என்றேன்.

"தூக்கிப் பாத்து செம்புக்க வெலை தருவான். பொறவு தீ வச்சு உறைய எரிப்பான்" என்றார். சற்று நேரம் கழித்து, "நீ ரெண்டு கையும் நீட்டு" என்றார்.

கழுவித் துடைத்த வயரை அவர் விட்டுக்கொடுக்க, நான் சுருட்டினேன். ஒன்று மேல், ஒன்று கீழ். கை மறக்கவில்லை. ஐந்து நாள் அந்த வேலை நடந்தது. ஒவ்வொரு வயரையும் முழ நீளத்துக்கு ஒருமுறை மடக்கிப் பார்த்து, உறை வெடித்ததை மட்டும் தனியே போட்டார். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அப்படிப் போயிற்று. எஞ்சியதை குலசேகரத்தில் ஒலி ஒளி நிலையம் தொடங்கியிருந்த ஓர் இளைஞனிடம் கொடுத்தார். அவன் பணம் கொடுக்க முயன்றபோது, எப்படிச் சுருட்டுவாய் என்று காட்டச் சொன்னார். அவன் கையிலும் முட்டியிலுமாகச் சுற்றினான். அன்று மாலை அவன் வீடு திரும்ப வெகுநேரமாயிற்று.

மாமா 2021இல் காலமானார். எங்கள் துறைக் கருத்தரங்குகளுக்கு ஒலி அமைப்பவர்களை இன்றும் நான் முதலில் கையைத்தான் பார்க்கிறேன். இப்போது கம்பியில்லா மைக்குகள் வந்துவிட்டன, வயரே வேண்டாம் என்கிறார்கள். ஆனால் மேடைக்குப் பின்னால் போய்ப் பார்த்தால், அந்தக் கம்பியில்லாக் கருவிகளுக்கு மின்சாரம் கொடுக்கும் வயர்கள் காக்கைக்கூடு போலக் கிடக்கின்றன. குலசேகரத்து இளைஞனுக்கு இப்போது நான்கு உதவியாளர்கள். சென்ற சிவராத்திரிக்குக் கோயில் முன்னால் அவர்களில் ஒரு பையன் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தான். இரண்டாவது வளையத்தில் மணிக்கட்டு உள்ளே திரும்பியது. யாரிடம் படித்தாய் என்று கேட்டேன். "எங்க அண்ணன் சொல்லித்தந்தாரு சாரே" என்றான். பேச்சுக் கொடுத்ததில் எண்ணிக்கை தவறிவிட்டதுபோல, கடைசி வளையத்தைத் தளர்த்திவிட்டு மறுபடி போட்டான்.