கண்ணாடி நகரத்தில் கறுப்புப் படலம்

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், ஈரி ஏரியின் மேற்கு முனையில் இருக்கிறது டொலிடோ. 1888-இல் எட்வர்ட் லிபி தன் கண்ணாடித் தொழிற்சாலையை மாசசூசெட்ஸிலிருந்து இங்கே பெயர்த்துக்கொண்டு வந்தார். அன்று முதல் இது கண்ணாடி நகரம். அவர் நிறுவிய கலை அருங்காட்சியகத்தில் கண்ணாடி ஊதிக் காட்டுகிறார்கள். உருகிய குழம்பைக் குழலின் நுனியில் எடுத்தவர், உருட்டுவதை ஒரு நொடிகூட நிறுத்தவில்லை. நிறுத்தினால் கனம் ஒரு பக்கமாக இறங்கிவிடும்.

சூரிய மின்தகடுகளைப் பார்க்க வந்த எனக்கு, அந்தக் கைகள்தான் பாதி பாடம் சொல்லிக்கொடுத்தன.

கண்ணாடியைச் சூடாக்கி உறுதிப்படுத்தும் இயந்திரங்களில் பேர்பெற்ற ஹெரால்ட் மெக்மாஸ்டர் இந்த வட்டாரத்துக்காரர். எழுபது வயதைத் தாண்டிய பிறகு, 1990-இல், கண்ணாடிமேல் காட்மியம் டெல்லுரைடு பூசி மின்சாரம் எடுக்க ஒரு நிறுவனம் தொடங்கினார். அதுவே 1999-இல் ஃபர்ஸ்ட் சோலார் ஆனது. தெற்கே பெரிஸ்பர்க்கில் அதன் தொழிற்சாலை இருக்கிறது. 2024-இல் நம் ஸ்ரீபெரும்புதூர் அருகே பிள்ளைப்பாக்கத்திலும் ஒன்று திறந்தார்கள்.

இந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தின் ஆய்வகத்தில் ஓர் ஆராய்ச்சி மாணவி வெற்றிடக் கலனின் சிறு ஜன்னலைக் காட்டினார். உள்ளே காட்மியம் டெல்லுரைடு, திரவமாகாமலே ஆவியாகிச் சூடான கண்ணாடியில் படிகிறது. கனம் சில மைக்ரான்தான். தலைமுடியின் தடிமனில் ஒரு சிறு பங்குதான். அது உறிஞ்சக்கூடிய வெயில் ஏறக்குறைய முழுக்க அதற்குள்ளேயே சிக்கிவிடுகிறது! சிலிக்கானில் இதற்கு நூறு மைக்ரானுக்கு மேல் வேண்டும்.

பிறகு இரண்டு தகடுகளை என் முன் வைத்தார். இரண்டும் ஒரே கறுப்பு. ஒன்றை மட்டும் காட்மியம் குளோரைடு பூசி, சுமார் 400 டிகிரியில் சில நிமிடங்கள் சுட்டு எடுத்திருக்கிறார்கள். படலத்தின் நுண்மணிகளுக்கு இடையிலுள்ள விளிம்புகளில் குளோரின் போய்த் தங்கி, மின்துகள்கள் வீணாவதைத் தடுக்கிறது. சுடாத தகட்டின் மின்திறன் மிகவும் குறைவு. கண்ணால் பிரித்தறிய முடியாத அந்த வேறுபாட்டின்மேல் ஒரு தொழிலே நிற்கிறது என்பது என்னை அசத்திவிட்டது.

2016-இல் ஃபர்ஸ்ட் சோலார் ஓர் ஆய்வகச் செல்லில் 22.1 சதவீத மின்திறனை எட்டியது; அன்று அது உலகச் சாதனை. ஆனால் அது விரல் நகம் அளவுச் செல். தொழிற்சாலையில் வருவதோ கதவளவு கண்ணாடி. ஓரத்திலும் நடுவிலும் ஒரே கனம், ஒரே சூடு வேண்டும். அந்தச் சாதனையைவிட இந்தச் சீர்மைதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. காட்மியம் நச்சு என்பதால் பழைய தகடுகளைத் திரும்பப் பெற்று நொறுக்கிப் பிரிக்கும் வேலையும் இத்தொழிலின் பொறுப்பு. டெல்லூரியமோ செம்பைச் சுத்திகரிக்கும்போது மிஞ்சும் கசடிலிருந்து கிடைக்கும் அரிய பொருள். ஒரு துளியும் வீணாகக் கூடாது.

மாணவி கணினியில் ஒரு தகட்டின் ஒளிர்வுப் படத்தைத் திறந்தார். இடது மூலை மட்டும் மங்கல். சூடு அங்கே எட்டவில்லை என்றார். சூடேற்றியைச் சரிசெய்து அடுத்த கண்ணாடியைக் கலனுக்குள் வைத்தார்.